அப்லோட் சைஸ் பிழை: ஃபைல் எங்கே தடுக்கப்படுகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

5 எம்பி ஃபோட்டோ ஒன்றை ஏற்றப் போகிறீர்கள். ஃபைல் பெரிதாக இருக்கிறது என்று தளம் திருப்பி அனுப்பிவிடுகிறது. தேடிப் பார்த்து, ஒரு செட்டிங்கில் 2 என்று இருந்ததை 64 ஆக்குகிறீர்கள். மறுபடி முயன்றால் அதே பிழை. 128, 512 என்று ஏற்றிக்கொண்டே போனாலும் அது அசைவதாக இல்லை.

இந்தப் பிரச்சினையோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள். எண்ணை ஏற்றியதில் தப்பில்லை, ஏற்றிய இடம்தான் வேறு. அளவு வரம்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை. ப்ரௌசரிலிருந்து கிளம்பும் ஃபைல், முன்னால் நிற்கும் சிடிஎன் (உங்கள் சர்வருக்கு முன்னால் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் சேவை), வெப் சர்வர், பாதுகாப்பு மாட்யூல், பிஹெச்பி (தளத்தின் நிரல் எழுதப்பட்ட மொழி), கடைசியில் உங்கள் அப்ளிகேஷன் என்று பல கை மாறித்தான் போய்ச் சேருகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. எதில் எண் சிறியதோ, அது சொல்வதுதான் நடக்கும். அதனால் எந்த எண்ணையும் தொடுவதற்கு முன், ஃபைலைத் தடுத்தது யார் என்று கண்டுபிடியுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு குறிப்பு: செட்டிங் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் சர்வரில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும். கீழ்க்கோடு போட்டிருக்கும் இடங்களில் அங்கேயும் கீழ்க்கோடுதான்.

முதல் படி: தடுத்தது யார்?

ப்ரௌசரில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து நெட்வொர்க் டேபுக்குப் போங்கள். அப்லோட் செய்துவிட்டு, சிவப்பாக வரும் கோரிக்கையின் எண்ணைப் பாருங்கள்.

413 என்று இருந்தால் கிட்டத்தட்ட உறுதியாக வெப் சர்வரோ, அதற்கு முன்னால் இருக்கும் ஏதோ ஒன்றோ தடுத்திருக்கிறது. 413 என்பது ஹெச்டிடிபி விதிகளில் ‘அனுப்பியது அளவை மீறுகிறது’ என்பதற்கான எண். வந்த பக்கத்தையும் கவனியுங்கள். வெள்ளைப் பக்கம், நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வரி, அதன் கீழே என்ஜின்எக்ஸ் என்று வெப் சர்வரின் பெயர் போட்டிருந்தால் தடுத்தது அதுதான். கீழே கிளவுட்ஃபிளேர் என்ற சிடிஎன்னின் பெயர் இருந்தால் ஃபைல் உங்கள் சர்வருக்கே வந்து சேரவில்லை. உங்கள் தளத்தின் சொந்த வடிவமைப்பிலேயே பிழை வந்தால் அப்ளிகேஷன் தடுத்திருக்கலாம்; லாரவெல் போன்ற பிஹெச்பி ஃபிரேம்வொர்க்குகள் தாங்களாகவே 413 அனுப்பும்.

எண் 200 என்று நல்லபடியாக வந்து, ஃபைல் மட்டும் சேரவில்லை என்றால் பிஹெச்பியைப் பாருங்கள். 404 வந்து, சர்வர் விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ் என்றால், பக்கம் காணாமல் போய்விட்டது என்று நினைத்துத் தேடாதீர்கள். ஐஐஎஸ் அளவு மீறிய ஃபைலுக்கு 404.13 என்றுதான் பதில் சொல்லும். வெளியே வெறும் 404 ஆகத் தெரியும்.

பலரை அலைக்கழிக்கும் அறிகுறி இன்னொன்று உண்டு. முன்பக்கம் ஒரு டொமைனிலும் ஏபிஐ (பின்னால் விவரங்களை வாங்கும் நிரல்) இன்னொன்றிலும் இருக்கும் தளங்களில், கன்சோலில் ‘கார்ஸ்’ பிழை என்று வரும். ஒரு டொமைனின் பக்கம் இன்னொரு டொமைனோடு பேச ப்ரௌசர் கேட்கும் அனுமதிதான் கார்ஸ். சிறிய ஃபைல் போகும், பெரியது மட்டும் கார்ஸ் பிழையோடு விழும். கார்ஸ் செட்டிங்கில் ஒரு குறையும் இருக்காது. என்ஜின்எக்ஸ் தானாக அனுப்பும் 413 பதிலில் உங்கள் அப்ளிகேஷன் சேர்க்கும் கார்ஸ் ஹெடர்கள் இருப்பதில்லை. ப்ரௌசர் அதைப் பார்த்துவிட்டு வேறு காரணத்தைச் சொல்லுகிறது, அவ்வளவுதான். அதுபோலவே, ஃபைல் முழுதும் வருவதற்குள் என்ஜின்எக்ஸ் இணைப்பை மூடிவிட்டால் 413 கூடத் தெரியாமல் ‘கனெக்ஷன் ரீசெட்’ என்று மட்டும் வரலாம்.

சந்தேகம் தீர்க்க, சர்வர் எழுதிவைக்கும் பதிவான லாக்தான் நல்ல சாட்சி. என்ஜின்எக்ஸின் எரர் லாகில் ‘க்ளையண்ட் இன்டெண்டட் டு சென்ட் டூ லார்ஜ் பாடி’ என்ற வரியும் பக்கத்தில் பைட் கணக்கும் இருக்கும். பிஹெச்பி லாகில் ‘போஸ்ட் கன்டென்ட்-லெங்த்’ இவ்வளவு பைட், வரம்பு 8388608 பைட் என்பதுபோல ஒரு வரி இருக்கும். 8388608 என்பது 8 எம்பி. அந்த எண்ணைப் பார்த்ததுமே எந்தச் செட்டிங் என்று பிடிபட்டுவிடும்.

இரண்டாம் படி: எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

வரம்பே இல்லாமல் செய்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். யார் வேண்டுமானாலும் எத்தனை ஜிபி வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றால், ஒரே ஆள் உங்கள் டிஸ்க்கை நிரப்பித் தளத்தைப் படுக்க வைத்துவிட முடியும். உண்மையில் தேவைப்படும் மிகப் பெரிய ஃபைல் எது என்று பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் இடம் விடுங்கள்.

நான் வைக்கும் கணக்கு இது: ஒரு ஃபைலுக்கு 50 எம்பி என்றால், மொத்தக் கோரிக்கைக்கு பிஹெச்பியில் 55, வெப் சர்வரில் 60. உள்ளே போகப் போக எண் சின்னதாக வேண்டும். அப்போதுதான் 52 எம்பி ஃபைல் அனுப்புகிறவருக்கு அப்ளிகேஷனே பதில் சொல்லும். உங்கள் மொழியில், உங்கள் பக்கத்திலேயே சொல்லும். தலைகீழாக வைத்தால் அவருக்குக் கிடைப்பது அந்த வெள்ளைப் பக்கம்தான்.

மூன்றாம் படி: பிஹெச்பி

அதிகம் சிக்குவது இங்கேதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

முக்கியமான செட்டிங் இரண்டு. அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் என்பது ஒரு ஃபைலின் வரம்பு. பிஹெச்பி தரும் இயல்பு மதிப்பு 2 எம்பி. போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் என்பது படிவத்தில் உள்ள எல்லா ஃபைல்களும் மற்ற விவரங்களும் சேர்ந்த மொத்தத்தின் வரம்பு; இயல்பு மதிப்பு 8 எம்பி. இரண்டாவது எப்போதும் முதலாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் 5 ஃபைல்கள், ஒவ்வொன்றும் 50 எம்பி என்றால் இரண்டாவது 250க்கு மேல் போக வேண்டும். ஃபைல் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. மேக்ஸ்_ஃபைல்_அப்லோட்ஸ் இயல்பாக 20. ஒருவர் 25 படங்களைத் தேர்ந்தெடுத்தால் 20 மட்டும்தான் வந்து சேரும். அளவுப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு இதைப் பார்க்காமல் விடுகிறவர்கள் உண்டு.

எங்கே மாற்றுவது? இந்தச் செட்டிங்குகள் இருப்பது பிஹெச்பி.ஐஎன்ஐ ஃபைலில். ஒரு சர்வரில் அது பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும். கமாண்ட் லைனுக்கு ஒன்று, எஃப்பிஎம்முக்கு (தளத்துக்காகப் பிஹெச்பியை ஓட்டும் தனிச் சேவை) ஒன்று, பதிப்புக்குப் பதிப்பு வேறு. டெர்மினலில் கேட்டால் கமாண்ட் லைனுக்கு உரியதைக் காட்டும். தளமோ இன்னொன்றைப் படித்துக்கொண்டிருக்கும். அதனால் பிஹெச்பிஇன்ஃபோ என்ற ஃபங்ஷனை மட்டும் அழைக்கும் சிறிய ஃபைல் ஒன்றைத் தளத்தில் போட்டு ப்ரௌசரில் திறங்கள். ‘லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்’ என்ற வரியில் இருப்பதுதான் நீங்கள் தொட வேண்டிய ஃபைல். அதே பக்கத்தில் ஒவ்வொரு செட்டிங்குக்கும் லோக்கல், மாஸ்டர் என்று இரண்டு மதிப்பு இருக்கும். லோக்கல்தான் உங்கள் தளத்துக்குப் பொருந்துவது. இரண்டும் வேறாக இருந்தால், நடுவில் ஏதோ ஒரு ஃபைல் மதிப்பை மாற்றுகிறது என்று பொருள். பார்த்து முடித்ததும் அந்தச் சோதனை ஃபைலை அழித்துவிடுங்கள். சர்வரின் உள்விவரம் முழுவதும் அதில் வெளியே தெரியும்.

மாற்றும்போது 64க்குப் பின்னால் எம் என்ற ஒரே எழுத்தைத்தான் போட வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு தளத்தில் அப்லோட் வரம்பை ஏற்றிய மறுநிமிடம் யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. ஃபைலைத் திறந்து பார்த்தால், போஸ்ட்_மேக்ஸ்_சைஸில் 64க்குப் பிறகு எம், பி என்று இரண்டு எழுத்துகள். பிஹெச்பி கடைசி எழுத்தைத்தான் அலகாகப் பார்க்கும். பி என்ற அலகு அதற்குத் தெரியாது. எனவே அதை வெறும் 64 பைட் என்று எடுத்துக்கொண்டது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்தாலே 64 பைட்டைத் தாண்டிவிடும். படிவம் காலியாகவே உள்ளே போயிற்று. பி என்ற எழுத்தை எடுத்ததும் எல்லாம் சரியானது. பிஹெச்பி 8.2 முதல் இதற்கு ஓர் எச்சரிக்கை வருகிறது, ஆனால் லாகைத் திறந்தால்தான் தெரியும்.

அந்தக் ‘காலி’ விஷயம் தனியாகவே தெரிந்துகொள்ள வேண்டியது. மொத்தம் போஸ்ட்_மேக்ஸ்_சைஸைத் தாண்டினால் பிஹெச்பி ஃபைலை மட்டும் விடுவதில்லை, படிவத்தின் எல்லா விவரங்களையும் காலியாக்கிவிடுகிறது. அதனால் உங்கள் நிரல் ‘பெயரை நிரப்பவில்லை’ என்று பயனரைக் குறை சொல்லும். கோரிக்கை போஸ்ட் வகை, கன்டென்ட்-லெங்த் சுழியத்துக்கு மேல், ஆனால் படிவமும் ஃபைல் பட்டியலும் காலி என்றால், அளவு மீறியிருக்கிறது என்று நிரலிலேயே கண்டுபிடித்துச் சரியான செய்தியைக் காட்டுங்கள். ஒரு ஃபைல் மட்டும் மீறினால் கதை வேறு. படிவம் ஒழுங்காக வரும், அந்த ஃபைலின் பிழை எண் 1 என்று இருக்கும். எண் 3 என்றால் பாதி ஃபைல்தான் வந்தது. 6 என்றால் தற்காலிக ஃபோல்டர் இல்லை. 7 என்றால் டிஸ்க்கில் எழுத முடியவில்லை. கடைசி இரண்டுக்கும் வரம்பை எவ்வளவு ஏற்றினாலும் பயன் இருக்காது.

மாற்றியதும் பிஹெச்பி-எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்யுங்கள். என்ஜின்எக்ஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. அப்போதும் மாறவில்லையென்றால் எஃப்பிஎம்மின் சொந்தக் கட்டமைப்பான பூல் ஃபைலைத் திறந்து பாருங்கள். அங்கே பிஹெச்பி_அட்மின்_வேல்யூ என்று இதே செட்டிங்கை யாராவது வைத்திருந்தால், அதுதான் செல்லும்.

சர்வருக்குள் நுழைய அனுமதி இல்லாத ஷேர்டு ஹோஸ்டிங் என்றால், முதலில் கன்ட்ரோல் பேனலில் பிஹெச்பி செட்டிங் பகுதி இருக்கிறதா பாருங்கள். சி-பேனலில் அதற்கு மல்டிபிஹெச்பி ஐஎன்ஐ எடிட்டர் என்று பெயர். இல்லாவிட்டால் தளத்தின் வேர் ஃபோல்டரில் டாட்-யூசர்-டாட்-ஐஎன்ஐ என்ற ஃபைலில் இரண்டு வரிகளையும் எழுதலாம். அதைப் பிஹெச்பி இயல்பாக 300 விநாடிக்கு ஒருமுறைதான் திரும்பப் படிக்கும். 5 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். உடனே மாறவில்லை என்று அழித்துவிடாதீர்கள்.

பல இடங்களில் சொல்லப்படும் இரண்டு வழிகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஒன்று, நிரலுக்குள் ஐஎன்ஐ_செட் எழுதுவது. அப்லோட் வரம்புக்கு அது வேலை செய்யாது. நிரலின் முதல் வரி ஓடும்போதே ஃபைல் வந்து முடிந்துவிட்டது. அதன்பின் வரம்பை மாற்றி என்ன பயன்? இன்னொன்று, அப்பாச்சி என்ற வெப் சர்வரின் டாட்-ஹெச்டிஆக்சஸ் ஃபைலில் பிஹெச்பி_வேல்யூ வரிகளைச் சேர்ப்பது. அப்பாச்சிக்குள்ளேயே மாட்யூலாகப் பிஹெச்பி ஓடினால்தான் அது செல்லும். எஃப்பிஎம் வழியாக ஓடும் தளத்தில் அந்த வரியைப் போட்டால் தளம் முழுவதும் 500 பிழை காட்டும். அப்படி ஆனால் பதற வேண்டாம், வரியை எடுத்தால் தளம் திரும்பிவிடும்.

நான்காம் படி: வெப் சர்வர்

என்ஜின்எக்ஸில் பார்க்க வேண்டியது க்ளையண்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ். இயல்பு மதிப்பு வெறும் 1 எம்பி. புதிதாக அமைத்த சர்வரில் 413 வந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். ஹெச்டிடிபி, சர்வர், லொக்கேஷன் என்று மூன்று இடத்திலும் எழுதலாம். உள்ளே இருப்பது வெளியே இருப்பதை மீறும். மேலே 60 போட்டுவிட்டோமே என்று இருந்துவிடாதீர்கள். கீழே ஒரு லொக்கேஷனில் 2 இருந்தால் அங்கே 2தான். எல்லா இடத்தையும் தேடிப் பாருங்கள். அப்லோட் நடக்கும் லொக்கேஷனுக்கு மட்டும் பெரிய எண்ணும், மற்ற இடங்களுக்குச் சிறியதும் வைப்பது நல்ல பழக்கம். க்ளையண்ட்_பாடி_பஃபர்_சைஸ் என்று பெயர் ஒத்த இன்னொன்று இருக்கிறது. அது வரம்பு இல்லை, நினைவகத்தில் எவ்வளவு வைப்பது என்ற கணக்குதான். மாற்றியபின் என்ஜின்எக்ஸை மைனஸ் டி கொடுத்துச் சோதித்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ் இன்க்ரெஸ் இருந்தால், அங்கே ப்ராக்ஸி-பாடி-சைஸ் என்ற குறிப்பை மாற்ற வேண்டும். அதற்கும் இயல்பு 1 எம்பிதான்.

அப்பாச்சியில் லிமிட்ரிக்வெஸ்ட்பாடி. இதைப் பைட்டில் எழுத வேண்டும். 64 எம்பிக்கு 67108864. 2.4.53 வரை இயல்பாக வரம்பே கிடையாது, 2.4.54 முதல் 1 ஜிபி. அதனால் யாராவது வேண்டுமென்றே வைத்திருந்தால் ஒழிய, இது குறுக்கே வருவது அரிது. அப்பாச்சியோடு மாட்செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு மாட்யூல் ஓடினால் அதைக் கவனியுங்கள். அதன் பரிந்துரைக் கட்டமைப்பில் செக்ரிக்வெஸ்ட்பாடிலிமிட் 13107200, அதாவது 12.5 எம்பி. 12 எம்பி வரை போகிறது, 13 போகமாட்டேன் என்கிறது என்று யாராவது சொன்னால் நான் நேரே அங்கேதான் போவேன்.

ஐஐஎஸ்ஸில் மேக்ஸ்அலவ்ட்கன்டென்ட்லெங்த், பைட் கணக்கு, இயல்பு 30000000. பழைய ஏஎஸ்பி.நெட் தளம் என்றால் கூடவே மேக்ஸ்ரிக்வெஸ்ட்லெங்த் உண்டு. அது கேபி கணக்கு, இயல்பு 4096. ஒன்று பைட், இன்னொன்று கேபி என்பதால் ஒரே எண்ணை இரண்டிலும் ஒட்டிவிடக் கூடாது.

கிளவுட்ஃபிளேர் முன்னால் இருந்தால், இலவசத் திட்டத்திலும் ப்ரோ திட்டத்திலும் ஒரு கோரிக்கைக்கு 100 எம்பிதான். உங்கள் சர்வரில் எதை மாற்றினாலும் இது மாறாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் கடைசியில் சொல்லும் வழிக்குப் போக வேண்டும்.

ஐந்தாம் படி: அப்ளிகேஷன்

வேர்ட்பிரஸில் மீடியா பகுதிக்குப் போய்ப் புதிய ஃபைல் சேர்க்கும் பக்கத்தைத் திறந்தால், இப்போதைய அதிகபட்ச அளவு கீழே தெரியும். பிஹெச்பியில் செய்த மாற்றம் ஏறியதா என்று பார்க்க எளிய இடம் அது. ஆனால் என்ஜின்எக்ஸின் வரம்பு வேர்ட்பிரஸுக்குத் தெரியாது என்பதை மறக்க வேண்டாம். 64 என்று காட்டிவிட்டு 413 வரலாம். மல்டிசைட் (ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்கள்) என்றால் நெட்வொர்க் செட்டிங்கில் தனி வரம்பு இருக்கிறது. இயல்பு 1500 கேபி.

சைஸ் சரியாக இருந்தும் படம் மட்டும் பாதியில் விழுகிறதா? அது நினைவகப் பிரச்சினை. 6000க்கு 4000 பிக்சல் ஃபோட்டோ டிஸ்க்கில் 5 எம்பி இருக்கலாம். அதைச் சிறிதாக்குவதற்காகத் திறக்கும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட் வேண்டும். 2 கோடியே 40 லட்சம் பிக்சல், 9 கோடியே 60 லட்சம் பைட். பிஹெச்பியின் மெமரி_லிமிட் இயல்பாக 128 எம்பி என்றால், அதில் முக்கால்வாசி ஒரே படத்துக்குப் போய்விட்டது. இங்கே மெமரி_லிமிட்டை ஏற்றலாம், அல்லது ஏற்றும் முன்பே படத்தைச் சிறிதாக்கலாம். சும்மா ஃபைலை வாங்கி வைப்பதற்கு மட்டும் மெமரி_லிமிட்டை ஏற்றத் தேவையில்லை. அது டிஸ்க்கில்தான் இறங்குகிறது.

பிஹெச்பி இல்லாத தளங்களில்: ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டில் ஒரு ஃபைலுக்கு 1 எம்பியும், மொத்தக் கோரிக்கைக்கு 10 எம்பியும் இயல்பு. நோட்.ஜேஎஸ்ஸின் எக்ஸ்பிரஸில் ஜேசான் (விவரங்களை எழுத்தாக அனுப்பும் வடிவம்) வழியாக வரும் விவரத்துக்கு 100 கேபி. படத்தை பேஸ்64 முறையில் எழுத்துகளாக்கி ஜேசானுக்குள் வைத்து அனுப்புகிறவர்கள் இதில் மாட்டுவார்கள். பேஸ்64 அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டும். 80 கேபி படம் 107 கேபிக்குக் கிட்டே வந்துவிடும். வரம்பை ஏற்றுவதைவிட, ஃபைலை அப்படியே ஏற்றும் மல்டிபார்ட் படிவமாக அனுப்புவதே சரி. லாரவெலில் சரிபார்ப்பு விதியில் உள்ள மேக்ஸ் எண் கேபியில் இருக்கிறது; அங்கே 50 என்று எழுதினால் 50 கேபி.

ஆறாம் படி: சோதித்துப் பாருங்கள்

கையில் இருக்கும் ஏதோ ஒரு ஃபைலை வைத்துச் சோதிக்காதீர்கள். லினக்ஸில் ட்ரங்கேட் கட்டளையால் 900 கேபி, 1.5 எம்பி, 7 எம்பி, 9 எம்பி, 49 எம்பி, 51 எம்பி என்று சரியான அளவில் வெற்று ஃபைல்களை உருவாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எது போகிறது, எது விழுகிறது என்று பார்த்தால் வரம்பு எந்த இரண்டுக்கும் நடுவே என்று தெரியும். 900 போய் 1.5 விழுந்தால் என்ஜின்எக்ஸ். 1.5 போய் 7 விழுந்தால் பிஹெச்பியின் 2 எம்பியாக இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள், பழைய எண்ணைக் குறித்து வையுங்கள்.

வரம்பு சரி, ஆனால் பெரிய ஃபைல் மட்டும் சில நிமிடம் ஓடி நின்றுபோகிறது என்றால் அது நேரக் கட்டுப்பாடு. நொடிக்கு 5 மெகாபிட் அப்லோட் வேகத்தில் 100 எம்பி போய்ச் சேர 160 விநாடி ஆகும். மேக்ஸ்_எக்சிக்யூஷன்_டைம் நிரல் ஓடும் நேரத்தைத்தான் கணக்கிடுகிறது, ஃபைல் வரும் நேரத்தை இல்லை. அதனால் மேக்ஸ்_இன்புட்_டைமையும் முன்னால் இருக்கும் ப்ராக்ஸியின் டைம்அவுட்டையும் பாருங்கள். தற்காலிக ஃபோல்டர் இருக்கும் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்பதையும்.

வரம்பை ஏற்றுவது சரிப்படாதபோது

நூற்றுக்கணக்கான எம்பி வீடியோக்கள் வரும் தளம் என்றால், எல்லா எண்ணையும் 2 ஜிபி ஆக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 95 சதவீதம் ஏறியபின் வைஃபை ஒரு நொடி விட்டால், மறுபடி முதலிலிருந்து. ஃபைலை ப்ரௌசரிலேயே 5 அல்லது 10 எம்பி துண்டுகளாக வெட்டி அனுப்பி, சர்வரில் சேர்ப்பதுதான் முறை. விட்ட இடத்திலிருந்து தொடர ‘டஸ்’ என்ற திறந்த நெறிமுறை இருக்கிறது, அதற்கான நூலகங்களும் தயாராக இருக்கின்றன. துண்டு சிறியது என்பதால் கிளவுட்ஃபிளேரின் 100 எம்பி வரம்பும் குறுக்கே வராது. இன்னொரு வழி, அமேசான் எஸ்3 போன்ற சேமிப்பகத்துக்கு ப்ரௌசரிலிருந்து நேராக அனுப்புவது. உங்கள் சர்வர் குறுகிய நேரம் மட்டும் செல்லும், கையொப்பமிட்ட முகவரி ஒன்றைக் கொடுக்கும். ஃபைல் உங்கள் சர்வரைத் தொடாமலே போய்விடும். எஸ்3யின் மல்டிபார்ட் முறையில் கடைசித் துண்டைத் தவிர மற்றவை குறைந்தது 5 எம்பி இருக்க வேண்டும், மொத்தம் 10,000 துண்டுகள் வரை போகலாம்.

உங்களால் எதையும் மாற்ற முடியாத ஹோஸ்டிங் என்றால் ஆதரவுக் குழுவுக்கு எழுதுங்கள். ‘அப்லோட் ஆகவில்லை’ என்று மட்டும் எழுதினால் பொதுப் பதில்தான் வரும். ஃபைல் அளவு, வந்த பிழை எண், முயன்ற நேரம், பிஹெச்பிஇன்ஃபோவில் கண்ட இரண்டு மதிப்புகள், வேண்டிய அளவு என ஐந்தையும் சேர்த்து எழுதுங்கள். லாகில் தேட அவர்களுக்கு அந்த நேரம்தான் முக்கியம்.

அப்புறம் ஒன்று, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்லோட் பட்டனுக்குப் பக்கத்திலேயே ‘50 எம்பி வரை’ என்று எழுதி வையுங்கள். ஃபைலைத் தேர்ந்தெடுத்த கணத்திலேயே ஜாவாஸ்கிரிப்ட்டில் அதன் சைஸைப் பார்த்து, மீறினால் அங்கேயே சொல்லிவிடுங்கள். அந்த ஜாவாஸ்கிரிப்ட் சோதனையை யார் வேண்டுமானாலும் தாண்டிப் போக முடியும் என்பதால் சர்வரில் உள்ள சோதனை அப்படியே இருக்க வேண்டும். ஆனால் கைபேசி டேட்டாவைச் செலவழித்து 10 நிமிடம் காத்திருக்கும் ஒருவருக்கு, அந்தச் செய்தி 10 நிமிடம் முன்னதாகவே கிடைத்துவிடும்.